மறைக்குறியீட்டின் சாவி யார் கையில்?

2018 செப்டம்பர் 6 அன்று புதுதில்லியில் நடைபெற்ற ‘2+2’ பேச்சுவார்த்தையின்போது, மோடி அரசாங்கம் அமெரிக்காவுடன் ‘காம்காசா’ எனும் ராணுவத் தகவல் தொடர்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அதன் பத்தாண்டுக் காலவரம்பு 2028இல் முடிகிறது. அதற்குமுன் நாடு விவாதித்தாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு.

தரைப்படையும் கப்பலும் விமானமும் வெவ்வேறு அலைவரிசைகளில் பேசுகின்றன. பல அலைவரிசைகளில் இயங்கும் ராணுவ ரேடியோ இவற்றை ஒரே கருவியில் இணைக்கிறது. அந்தப் பேச்சை எதிரி ஒட்டுக்கேட்காமல் காப்பது அதனுள் இருக்கும் மறைக்குறியீடு. எனவே கருவியை விலை கொடுத்து வாங்கிவிட்டால் மட்டும் போதாது. குறியீட்டின் சாவி யார் கையில் என்பதே இறையாண்மையைத் தீர்மானிக்கிறது. அமெரிக்கா தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் மறைக்குறியீட்டுச் சாதனங்களுக்கு இந்தியப் படைகளின் கதவைத் திறந்துவிட்டது காம்காசா. அதன் முழு வாசகமோ இன்றுவரை மக்கள் முன் வைக்கப்படவில்லை.

இது வீண் அச்சமல்ல. சுவிட்சர்லாந்தின் ‘கிரிப்டோ ஏஜி’ நிறுவனம் பல நாடுகளுக்கு மறைக்குறியீட்டு இயந்திரங்களை விற்றது. 1970 முதல் அந்நிறுவனம் அமெரிக்க, மேற்கு ஜெர்மனி உளவு அமைப்புகளின் ரகசிய உடைமையாக இருந்தது என்பது 2020இல் அம்பலமானது. ஏமாற்றப்பட்ட வாடிக்கையாளர்களில் இந்தியாவும் ஒன்று.

வேறு வழியில்லை என்ற வாதமும் எடுபடாது. இத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்திட இந்தியா மறுத்துவந்த காலத்தில்தான் அமெரிக்காவிடமிருந்து பி-8ஐ கடற்கண்காணிப்பு விமானங்கள் வாங்கப்பட்டன. அவற்றுக்கான தகவல் இணைப்புச் சாதனத்தைப் பொதுத்துறை நிறுவனமான பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்தளித்தது. கடற்படைக்காகப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் டேராடூன் ஆய்வகம் முன்னின்று வடிவமைத்த, மென்பொருளால் இயங்கும் பல அலைவரிசை ரேடியோக்களுக்கு 2021 பிப்ரவரியில் 1,000 கோடி ரூபாய்க்கும் மேலான ஒப்பந்தம் கையெழுத்தானது. அதைப் பெற்றதும் இதே பொதுத்துறை நிறுவனம்தான்.

1954இல் பெங்களூருவில் தொடங்கப்பட்ட அந்நிறுவனத்தில் அரசின் பங்கு இன்று 51 விழுக்காட்டைச் சற்றே தாண்டி நிற்கிறது. ‘தற்சார்பு’ முழக்கம் ஒருபுறம்; பொதுத்துறைப் பங்கு விற்பனையும் அமெரிக்கச் சார்பும் மறுபுறம். இரண்டும் ஒன்றாகப் பயணிக்க முடியாது.

ஒப்பந்தத்தின் முழு வாசகத்தை நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். விவாதமின்றி அதைப் புதுப்பிக்கக் கூடாது. சொந்தப் படைகளின் பேச்சைக் காக்கும் சாவியை அந்நியரிடம் கொடுத்துவிட்டு, சுயேச்சையான வெளியுறவுக் கொள்கை குறித்துப் பேசுவதில் பொருளில்லை.