இரண்டு நிமிட ஸ்கானும் இறுகிப்போன தோளும்

"கெட்டிக்கார டொக்டர், ரெண்டு நிமிசத்துல ஸ்கானை முடிச்சிட்டார்" என்று சித்தாண்டியில் பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் பெருமையோடு சொல்லக் கேட்டேன். அந்தப் பெருமையை எதிர்த்தே இதை எழுதுகிறேன். சொன்னவரைக் குறை கூறுவதற்கில்லை. பெருமாவெளி, ஈரளக்குளம் பக்கத்துத் தாய்மார் சித்தாண்டிக்கு வந்து, அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தெற்கே மட்டக்களப்பு நகருக்குப் போகவேண்டும். மாரியில் முந்தனையாறு பெருகினால் அதுவும் நடவாது. வீட்டில் ஒரு நாட்கூலியை இழந்து வருகிறவர்களுக்கு விரைவு வரமாகத் தோன்றுவது இயல்பே. அந்த விரைவை வரமென்று விற்கிறவர்களோடுதான் என் வழக்கு.

நம்மவர்களில் பலர் ஸ்கானையும் எக்ஸ்ரேயையும் ஒன்றெனக் கருதுகிறார்கள். எக்ஸ்ரேப் படத்தை இன்னொருவர் பிறகு ஆறுதலாகப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கலாம். வயிற்றின்மேல் ‘புரோப்’ கருவியை நகர்த்திச் செய்யும் ஸ்கானில் நோயறிதல் பெரும்பாலும் கை அசையும் அந்த வேளையிலேயே நிகழ்ந்துவிடுகிறது. எந்தக் கோணத்தில் பிடித்தார், எங்கே அழுத்தினார், எதைப் பாராமல் கடந்தார் என்பதைப் பொறுத்தே படம் அமைகிறது. கடந்துபோன இடத்துக்குப் படமே இராது. பிறகு யாரிடம் போய்த் திருத்துவது? 1958இல் கிளாஸ்கோவின் இயன் டொனால்டும் கூட்டாளிகளும் ‘லான்செட்’ இதழில் தம் ஆய்வை வெளியிட்ட காலந்தொட்டு இயந்திரம் எவ்வளவோ திருந்திவிட்டது. ஆயினும் கையை நம்பிய தொழில் என்ற நிலை மாறவில்லை.

இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை, குழந்தையின் உறுப்புகளைப் பரிசோதிக்கும் 20ஆம் வார ஸ்கானுக்கு ஒரு தாய்க்குக் குறைந்தது 30 நிமிடம் ஒதுக்கச் சொல்கிறது. இருதயத்தின் நான்கு அறைகள், முள்ளந்தண்டு, உதடு, சிறுநீரகம் என ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கவேண்டும். குழந்தை புரண்டு படுத்திருந்தால் காத்திருக்கவும் வேண்டும். 24 வாரத்துக்கு முன் ஒரு ஸ்கானாவது செய்யுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்தது. அந்த ஒன்றை இரண்டு நிமிடத்தில் முடித்தால் தாயின் அட்டையில் ஒரு பதிவு விழும். அதற்கு மேல் என்ன விழும்?

அவசரத்தில் முதலில் கைவிடப்படுபவை சிறிய காரியங்கள். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே புரோப்பைத் துடைத்தல், திரையை இழுத்து மறைத்தல், துணைக்கு ஒரு பெண்ணை நிறுத்துதல். பிறகு, விளக்கம். ஆங்கிலத்தில் ஓர் அறிக்கையும் "ஒண்டுமில்ல, போங்க" என்ற இரண்டு சொற்களும் கொடுத்தனுப்பினால் போதும் என்று எண்ணுகிறார்கள். தமிழ் மட்டுமே அறிந்த தாய்க்கு அது வெறுந்தாள்.

இனி, யாரும் பேசாத மறுபக்கம். அமெரிக்காவில் ஸ்கான் செய்வோரிடையே 2009இல் வெளியான ஆய்வில் 90 சதவீதத்தினர் தொழிலால் வந்த தோள், கழுத்து, மணிக்கட்டு நோவைத் தெரிவித்தார்கள். காரணம் எளிது. கையை உடலைவிட்டு விலக்கி நீட்டி, மணிக்கட்டை முறுக்கி, வயிற்றில் அழுத்தி, கழுத்தை மட்டும் திரைப்பக்கம் திருப்பி ஒரு மனிதர் மணிக்கணக்காக இருக்கிறார். உயர்த்தித் தாழ்த்தக்கூடிய கட்டிலும் கதிரையும், எதிரே நகர்த்தி வைக்கும் திரையும், இடைவேளையும் வேண்டும் என்று அங்கே 2003இலேயே தொழில்முறை நெறிகள் வகுத்துவிட்டார்கள். நம் ஊர்த் தனியார் நிலையங்கள் சிலவற்றில் நான் கண்டது சாப்பாட்டு மேசைக் கதிரை.

நமது நாட்டில் ஸ்கான் பெரும்பாலும் டொக்டர்மாரின் கையிலேயே இருக்கிறது. பகலில் அரசாங்க வைத்தியசாலை, மாலையில் தனியார் நிலையம். 1977 முதல் இதற்கு அனுமதியுண்டு. பகல் முழுதும் உழைத்த தோளே மாலையிலும் உழைக்கிறது. டொக்டரின் தோள்நோவு அவருடைய சொந்த விடயம் என்று விட்டுவிடுகிறோம். நோகிற கை அழுத்தத்தைக் குறைக்கும், கடினமான கோணத்தைத் தவிர்க்கும். தவிர்க்கப்பட்ட கோணத்தில் இருப்பது ஒரு தாயின் குழந்தை.

ஆளுக்கு அரை மணி என்றால் வரிசையில் நிற்கிற மற்றவர்கள் என்ன ஆவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2022 நெருக்கடிக்குப் பின் டொக்டர்மார் பெருமளவில் நாட்டைவிட்டுப் போனதால் அது இன்னும் கூர்மையாகிவிட்டது. ஆகவேதான் சொல்கிறேன்: கதிர்ப்படப்பிடிப்பாளருக்கும் மருத்துவமாதுக்கும் முறையாகப் பயிற்சியளித்துப் புரோப்பைக் கொடுங்கள். இங்கிலாந்தில் கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் ஸ்கான் செய்பவர்கள் டொக்டர்மார் அல்லர். இங்கே கொடுக்கத் தயங்குவதற்கு நோயாளியின் நலன் மட்டுமே காரணம் என்று நான் நம்பத் தயாராக இல்லை. தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் தொழிலில் கருவி ஒருவர் கையிலேயே இருப்பதன் இலாபத்தை யாவரும் அறிவர்.

தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவு செய்யப்படவேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. பதிவுச் சான்றிதழும் சுவரில் தொங்குகிறது. அதற்குப் பக்கத்தில், கட்டணப் பட்டியலுக்குக் கீழே, ஒரு மணித்தியாலத்தில் எத்தனை பேருக்கு ஸ்கான் செய்யப்படுகிறது என்றும் எழுதி மாட்டட்டும். சித்தாண்டியிலிருந்து பஸ் ஏறுகிற தாய் அதைப் படித்துவிட்டுப் பணத்தைக் கட்டட்டும்.