நழுவிய கண்ணி



மார்கழி மாதத்து அதிகாலையில் அல்சூர் ஏரிக்கரைப் பக்கமாக நடந்திருக்கிறீர்களா? தண்ணீரின்மேல் மெல்லிய பனி படர்ந்திருக்கும். நடைப்பயிற்சிக்கு வரும் முதியோர் காதை மூடிக் குல்லாய் அணிந்திருப்பர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூரில் மார்கழி, தை இரவுகளில் வெப்பம் 15 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். வடநாட்டாருக்கு இது ஒரு குளிரே அன்று. திருநெல்வேலியிலிருந்தும் வேலூரிலிருந்தும் வந்த நமக்கோ, முதலாம் ஆண்டில் இது எலும்பைத் தொடும் குளிர்.

அல்சூருக்கு நம்மவர் வந்தது இன்று நேற்றல்ல. 1809ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இங்கே தண்டு அமைத்தபோது, படையோடும் படைக்கு வேண்டிய தொழில்களோடும் தமிழர் வந்து குடியேறினர். ‘தம்பிகள்’ என்று செல்லமாக அழைக்கப்படும் மதராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமையிடம் ஏரியை அடுத்தே இருக்கிறது. 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையும் ஏரிக்கு அருகில்தான் நிற்கிறது. ஆகவே இங்கே தமிழ்க்குரலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சுற்றிலும் தமிழ்க்குரல் கேட்பது வேறு. உடன் உட்கார ஓர் ஆள் இருப்பது வேறு. இம்மாதம் அதைக் குறித்தே உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் திருமணமாகி இவ்வூருக்கு வந்த முதல் குளிர்காலத்தில், அடுத்த வீட்டுக் கன்னட மூதாட்டி ஒருநாள் கதவைத் தட்டினார். நாங்கள் அவரை அஜ்ஜி என்றே அழைப்போம். கையில் பலகாரம் இல்லை. ஒரு பெரிய பாத்திரம் நிறைய ஊறவைத்த அவரைக்கொட்டை. “தனியா உரிச்சா ராத்திரி ஆயிடும், நீயும் வாம்மா” என்றார்.

பெங்களூரில் மார்கழியும் தையும் அவரைக்காயின் காலம் என்பது உங்களுக்குத் தெரியும். கொட்டையைச் சில மணி நேரம் ஊறவைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து அழுத்தினால், பருப்பு தோலை விட்டு வழுக்கி வெளியே குதிக்கும். வேலூர், தருமபுரிப் பக்கத்தார் இதைப் பிதுக்கம்பருப்பு என்பர். கன்னடத்தாருக்கு இது இதுகித பேளே. குழம்பின் சுவை ஒருபுறம் இருக்கட்டும். அரைமணியில் உண்டு முடிக்கும் குழம்புக்கு இரண்டு மணி நேரம் பிதுக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரந்தான் அதன் உண்மையான சுவை என்பது எனக்குப் பின்னரே விளங்கிற்று. கண்கள் பாத்திரத்தில் இருப்பதால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச வேண்டிய கூச்சம் இல்லை. கைகள் ஓயாமல் இயங்குவதால் பேச்சு நின்றாலும் மௌனம் உறுத்துவதில்லை. தாய்வீட்டை நினைத்து நான் முதன்முதல் வாய்விட்டு அழுதது அந்தப் பாத்திரத்தின் அருகில்தான். அஜ்ஜி ஆறுதல் வசனம் எதுவும் சொல்லவில்லை, பிதுக்குவதையும் நிறுத்தவில்லை. குழம்பு கொதித்ததும் முதல் கிண்ணத்தை என்னிடம் கொடுத்தார்.

அக்கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, வெறும் பாத்திரமாகக் கொடுக்கலாகாது என்று என் தாயார் சொல்லியிருந்ததை நினைத்து, முந்திரிக்கொத்து செய்து நிரப்பிக் கொடுத்தேன். பெயரில்தான் முந்திரி, உள்ளே இருப்பது வறுத்துப் பொடித்த பாசிப்பயறும் வெல்லப்பாகும் தேங்காயும். அஜ்ஜி சிரித்துச் சிரித்து உண்டார். அன்று தொடங்கி அந்தக் கிண்ணம் எங்கள் இரு வீட்டிலும் வெறுமையாய் இருந்ததே இல்லை.

பின்னல் வேலையையும் அவரே கற்றுத் தந்தார். இரண்டு ஊசிகள், ஒரே கம்பளி நூல். மாலையில் வாசற்படியில் அமர்ந்து பின்னுவோம். பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, நூலைச் சிட்டமாகச் சுற்றி, நனைத்து, நெளிவு நீங்க உலர்த்தி, பிள்ளைக்குப் புதிதாகப் பின்னுவோம். அவர் அடிக்கடி சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு: “கண்ணி விட்டா உடனே எடுத்துடணும்மா.” பின்னலில் ஒவ்வொரு கண்ணியும் தனக்குக் கீழுள்ள கண்ணியின் வழியாகவே மேலே வருகிறது. ஊசியிலிருந்து ஒரு கண்ணி நழுவினால் சேதம் அந்த ஒன்றோடு நில்லாது. கீழுள்ளவை ஒவ்வொன்றாக அவிழ்ந்து, ஏணியைப்போல் இடைவெளி இறங்கிக்கொண்டே போகும். உடனே கண்டுகொண்டால் குரோஷா ஊசியால் கொளுவி, படிப்படியாக மேலே ஏற்றி, இருந்த சுவடே தெரியாமல் சரிசெய்துவிடலாம்.

அஜ்ஜி இப்போது இல்லை. அவர் சொன்னதை நான் நூலுக்கு மட்டும் சொன்னதாக எடுத்துக்கொண்டேன் என்பதையும் இங்கே அறிக்கையிட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சந்தின் பின்கட்டு வீட்டுக்கு, கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் குடிவந்தாள். தென்மாவட்டத்துப் பேச்சு. கணவருக்கு இரவு வேலை. தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் சுவருக்கு அப்பால் அவளைப் பார்ப்பேன். “நல்லாயிருக்கியாம்மா?” என்பேன். “நல்லாயிருக்கேங்க்கா” என்பாள். மூன்று மாதமாக எங்களுக்குள் நடந்த பேச்சு இவ்வளவே. வேலைகள் முடியட்டும், பண்டிகை கழியட்டும், பிறகு ஒருநாள் வீட்டுக்கு அழைக்கலாம் என்று எண்ணியிருந்தேன். ஒருநாள் அவ்வீடு பூட்டிக் கிடந்தது. பொருள்களை எடுக்க வந்த அவள் கணவர் என் வீட்டுக்காரரிடம் சொன்னாராம்: “பேச்சுத்துணை இல்லாமலே வாடிப்போய்ட்டா அண்ணே. சாப்பாடும் இறங்கல. ஊருக்கே கூட்டிப் போறேன்.”

அன்று மாலை வெகுநேரம் வாசற்படியில் அமர்ந்திருந்தேன். அவள் பெயரைக்கூட நான் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நாள்தோறும் நலம் விசாரித்தேன். ஆயினும் ஒருநாளும் அவளோடு உட்காரவில்லை. ‘நலமா?’ என்று கேட்பவருக்கு ‘நலம்’ என்னும் விடையே கிடைக்கும். ‘இதைக் கொஞ்சம் உரித்துத் தருகிறாயா?’ என்று கேட்பவருக்கே உள்ளத்தில் இருப்பது மெல்ல மெல்லக் கிடைக்கும். அஜ்ஜி என்னிடம் வந்தபோது உதவி செய்ய வந்தவராக வரவில்லை. உதவி கேட்டு வந்தார். அதனாலன்றோ நான் கூச்சமின்றிக் கதவைத் திறந்தேன்!

கைவேலையைப் பொழுதுபோக்கு என்று நாம் எளிதில் ஒதுக்கிவிடுகிறோம். நம் சொந்த வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. 1819ஆம் ஆண்டு நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் ஊழியர் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், அங்கிருந்த பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் நுட்பமான வேலை அது. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்பே, அடிமைத்தளையில் இருந்த பெண்கள் சிலர் இந்த லேஸ் வேலையில் ஈட்டிய பணத்தைக் கொடுத்துத் தங்கள் விடுதலையைப் பெற்றுக்கொண்டனர். மால்ட் தம்பதியரின் மகள் எலைசா, 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றபோது இக்கைவேலையையும் உடன் கொண்டுசென்றார். திண்டைச் சுற்றி அமர்ந்த பெண்களுக்குக் கூலியும் கிடைத்தது. ஒருவர் பாரத்தை ஒருவர் அறியும் கூட்டுறவும் கிடைத்தது.

யோப்பா பட்டணத்துத் தொற்காளையும் நினைத்துப் பாருங்கள். அவள் பேசிய ஒரு வார்த்தையும் நமக்கு எழுதி வைக்கப்படவில்லை. அவள் மரித்தபோது விதவைகள் அழுதுகொண்டே பேதுருவுக்குக் காட்டியது, அவள் தங்களோடு இருந்த நாட்களில் செய்த வஸ்திரங்களையே. ‘தங்களோடு இருந்த நாட்களில்’ என்பதைக் கவனியுங்கள். ஊசியும் நூலும் அவளை அவர்கள் நடுவிலே உட்கார வைத்தன.

இக்காலத்தில் ஸ்வெட்டர் கடையில் மலிவாய்க் கிடைக்கிறது. முறுக்கும் அதிரசமும் பொட்டலத்தில் கிடைக்கின்றன. உரித்த அவரைப்பருப்பையும் சந்தையில் எடைபோட்டு விற்கிறார்கள். வாங்குவது குற்றமன்று, வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது பெரும் உதவி. ஆயினும் வாரத்தில் ஒரு வேலையையாவது கடைக்குக் கொடுத்துவிடாமல், இருவர் சேர்ந்து செய்வதற்கென்று எடுத்து வையுங்கள். இது சகோதரிகளுக்கு மட்டும் சொல்லும் வார்த்தை அன்று. சகோதரர்களே, புதிதாய் வந்த வாலிபனிடம் ‘எல்லாம் செட் ஆயிடுச்சா தம்பி?’ என்று கேட்டுக் கடந்து போகாமல், உங்கள் வீட்டு அலமாரியைத் தூக்கி வைக்க ஒருகை கொடுக்கும்படி அழையுங்கள். பிறகு உடன் அமர்ந்து ஒருவேளை சாப்பிடுங்கள்.

இந்தக் குளிர்காலத்தில் அந்தப் பின்கட்டு வீட்டுக்கு மறுபடியும் ஒரு குடும்பம் வந்திருக்கிறது. சென்ற சனிக்கிழமை நான் இரண்டு கிலோ அவரைக்காய் வாங்கிவந்து, உரித்து, ஊறவைத்து, பாத்திரத்தோடு போய்க் கதவைத் தட்டினேன். அந்தப் பெண் தயங்கினாள். பின்பு பாயை விரித்தாள். பருப்பு பாதி ஆவதற்குள் அவள் பெயரையும், அவள் தாயாரின் பெயரையும், இரவில் அவளுக்கு உறக்கம் வருவதில்லை என்பதையும் அறிந்துகொண்டேன்.

பிரியமானவர்களே, உங்கள் சந்தில் நழுவிக்கொண்டிருக்கும் கண்ணி எது? இந்த வாரமே ஒரு பாத்திரத்தோடு போய் அந்தக் கதவைத் தட்டுங்கள்.