பல் சுகாதார ஊழியருக்கு மறுபயிற்சி

வாய்ப் புற்றுநோய் நமது தேசத்தில் எவ்வளவு பெரிய சத்துருவாக வளர்ந்துவிட்டது என்பதை ஜனங்கள் இன்னும் முற்றும் உணர்ந்தாரில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் மதிப்பின்படி, 2022-ஆம் வருஷத்தில் மட்டும் இந்தியாவில் உதட்டிலும் வாயிலும் இந்நோய் கண்டவர்கள் சுமார் 1,43,000 பேர். மாண்டவர்கள் சுமார் 80,000 பேர். குடலிலோ ஈரலிலோ ஒளிந்து வளரும் வியாதியாயின் விதியை நொந்துகொள்ளலாம். வாயோ, ஒரு விளக்கைக் காட்டினால் கண்ணுக்குத் தெரியும் இடம். கண்ணெதிரே வளரும் நோய், முற்றிய பிறகே வைத்தியசாலைக்கு வந்து சேருகிறதென்றால், அது விதியின் குற்றமன்று. நமது ஏற்பாடுகளின் குற்றமேயாகும்.

இந்நோயின் வேர் எங்கே இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. 2016-17-இல் நடந்த புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் வயதுவந்தோரில் 100-க்கு 21 பேருக்கு மேல் புகையில்லாத புகையிலையை மென்றும் அடக்கியும் வருகிறார்கள். புகையிலை சேராத பாக்கும் தானாகவே புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று மேற்சொன்ன நிலையம் 2004-இல் வெளியிட்ட நூலில் தீர்ப்புக் கூறியிருக்கிறது. தாம்பூலத்தை மங்கலமாகப் போற்றும் நமக்கு இது கசப்பான செய்தியே. கசந்தாலும் உண்மை உண்மையே.

அப்படியாயின், ஜனங்களின் வாயை அடிக்கடி பார்க்கிறவர் யார்? பல் வைத்தியருக்கு அடுத்தபடி, அவருக்குத் துணைநின்று பற்காரையைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் பல் சுகாதார ஊழியரே. 1906-இல் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஆல்பிரெட் போன்ஸ் என்னும் பல் வைத்தியர் தமது உதவியாளரான ஐரின் நியூமன் அம்மையாருக்கு இத்தொழிலைக் கற்பித்தார்; 1913-இல் இதற்கென்றே ஒரு வகுப்பும் தொடங்கினார். நோயை வருமுன் காப்பதே அவருடைய நோக்கம். நமது நாட்டிலோ, சுதந்திரம் பெற்ற மறுவருஷமே, 1948-இல், இயற்றப்பட்ட பல் வைத்தியர் சட்டம் இவ்வூழியரைச் சட்டத்தின் ஏட்டில் ஏற்றியது. பல்லைச் சுரண்டி, துலக்கி, மெருகிடுபவர், பல் சுகாதாரத்தைப் போதிப்பவர் என்பதே அச்சட்டம் அவருக்குத் தந்த இலக்கணம். அவருடைய கைக்கு வேலை சொன்ன சட்டம், கண்ணுக்கு வேலை சொல்ல மறந்துவிட்டது. ஆனால் கண்டதை வைத்தியரிடம் சொல்லாதே என்று அது தடுக்கவுமில்லை.

அவர் காண வேண்டியவை எவை? கன்னத்தின் உட்புறத்திலோ நாவின் ஓரத்திலோ தோன்றும் வெண்படலம்; அதனினும் கொடியதான செம்படலம்; இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண்; காரணமின்றித் தடித்த கட்டி; உணர்ச்சியற்ற உதடு; பாக்கு மெல்லுவோருக்கு வாய் இறுகித் திறக்க முடியாமற் போவது; கழுத்தில் தட்டுப்படும் நெறி. நாவை ஒரு துணியால் பற்றி இரு பக்கமும் இழுத்துப் பார்த்து, நாவின் அடிப்புறத்தையும் வாயின் தரையையும் விரலால் தடவிப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். இஃது இன்ன நோய் என்று முடிவு கூறுவது அவர் தொழிலன்று. சதையைக் கிள்ளிச் சோதிப்போர் வேறு இருக்கின்றனர். ஐயம் கொள்வதும், அதை அன்றே எழுதிவைத்து வைத்தியரிடம் அனுப்புவதுமே அவருடைய கடமை.

இதைப் பள்ளியிலேயே படித்துவிட்டார்களே, மறுபயிற்சி எதற்கு என்று கேட்கலாம். ஆயிரம் வாய்களைப் பார்ப்பவருக்கும் புற்றுநோய் அபூர்வமாகவே எதிர்ப்படும். நெடுநாள் காணாததைக் கண் மறந்துவிடுவது இயல்பு. ஆகவே, அடிக்கடி படங்களையும் நோயாளிகளையும் காட்டிக் கண்ணைத் தீட்டுவது அவசியமாகிறது. பிரிட்டனில் 2018-இல் நடப்புக்கு வந்த விதிப்படி, பல் சுகாதார ஊழியர் ஐந்து வருஷத்தில் 75 மணி நேரம் தொடர்கல்வி பெற்றாக வேண்டும். வாய்ப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டறிதல் அங்கே சிபாரிசு செய்யப்பட்ட பாடங்களில் ஒன்று. அந்நியர் செய்வதையெல்லாம் நாம் பின்பற்ற வேண்டுமென்பதில்லை. ஆயினும் நோய் குறைந்த தேசம் எடுத்துக்கொள்ளும் ஜாக்கிரதையை நோய் மிகுந்த தேசம் கைவிடுவது விவேகமாகுமா?

வைத்தியம் படிக்காதவர் வாயைப் பார்த்தால் வீண் பீதியே விளையும் என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். இதற்கு விடை நமது அண்டை மாநிலமான கேரளத்திலேயே கிடைத்திருக்கிறது. திருவனந்தபுரம் ஜில்லாவில் 1996-இல் தொடங்கிய பரீட்சையில், வைத்தியர்களல்லாத பட்டதாரிகளுக்குப் பயிற்சியளித்து வீடுவீடாக அனுப்பினர். 2005-இல் வெளியான முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியோரிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 100-க்கு 34 வீதம் குறைந்தது. பயிற்சி பெற்ற சாமானியர் கண்ணே இவ்வளவு உயிரைக் காக்குமானால், அன்றாடம் வாயிலேயே வேலை செய்யும் ஊழியர் கண் அதனினும் குறைவாகவா பயன்படும்?

வாயைப் பரிசோதிக்க வேண்டுமென்ற திட்டம் சர்க்காரிடம் இல்லாமலில்லை. 30 வயதுக்கு மேற்பட்டோரை ஐந்து வருஷத்துக்கொரு முறை பரிசோதிக்க 2016-லேயே ஏற்பாடு வகுத்தனர். ஆனால் 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுள்ளோரில் வாய்ப் பரிசோதனை எப்போதேனும் செய்துகொண்டவர்கள் 100-க்கு ஒருவர் அளவே. ஏட்டில் எழுதிய திட்டம் ஏட்டோடு நின்றது என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுவதில்லை.

2023-இல் பார்லிமெண்டு தேசியப் பல் மருத்துவக் கமிஷன் சட்டத்தை நிறைவேற்றியது. துணை ஊழியரையும் அச்சட்டம் கருதியிருக்கிறது. அதன்கீழ் விதிகள் வகுப்போருக்கு நமது யோசனை இதுதான்: ஊழியரின் பதிவைப் புதுப்பிக்கும்போதெல்லாம் வாய் நோயறியும் பயிற்சி பெற்றதற்கு அத்தாட்சி கேட்க வேண்டும். அப்பயிற்சி ஜில்லாதோறும், அவரவர் தாய்மொழியில், புற்றுநோய் வைத்தியசாலையில் நோயாளிகளை நேரில் காட்டி நடைபெற வேண்டும். செலவையும் அன்றைய கூலியையும் சர்க்காரே ஏற்க வேண்டும். சொற்ப வருவாய் பெறுபவர்மீது இச்சுமையை ஏற்றுவது தர்மமாகாது. சந்தேகித்து அனுப்பிய நோயாளிக்கு என்ன முடிவாயிற்று என்பதை அனுப்பிய ஊழியருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். அதைவிடச் சிறந்த பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இந்த ஊழியர்கள் இப்போது தொகையில் குறைவு. அதனாலேயே, இன்று தொடங்கினால் அனைவரையும் பழக்குவது எளிது. பொதுநலத் தொண்டர்களும் தங்கள் ஊரில் இதைக் கேட்டு வற்புறுத்த வேண்டுகிறோம். பல்லின் கறையைப் போக்கி வெளியே அனுப்பும் அதே வேளையில், அருகிலிருந்த வெண்படலத்தைப் பாராமல் விட்டோமென்றால், அந்தச் சுத்தம் யாருக்கு என்ன பயன்?