எக்ஸல் வண்டியும் ஒரு ஏக்கர் பூமியும்

போன வாரம் சந்தைக்குப் போற வழியில, ஆத்துப் பாலத்துக்கிட்ட போலீஸ்காரங்க வண்டிகளை நிறுத்திப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. எனக்கு முன்னால போன நாலஞ்சு பேர் அதைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பி வாய்க்கால் மேட்டு வழியாப் போயிட்டாங்க. அதுல ஒருத்தரைச் சந்தையில பார்த்தேன். "இன்சூரன்ஸ் முடிஞ்சு போச்சுங்க மாமா, இன்னைக்கு ரெண்டாயிரம் மிச்சம்"னு சிரிச்சாரு.

அந்த ரெண்டாயிரம்தான் தண்டனைன்னு அவர் நினைச்சுக்கிட்டு இருக்காரு. நம்ம பக்கம் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறோம். அது தப்புன்னு சொல்லத்தான் இதை எழுதறேன்.

முதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்த்துடலாம். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்துல 146-வது பிரிவுப்படி, தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாம எந்த வண்டியும் பொது ரோட்டுல ஓடக்கூடாது. மீறினா 196-வது பிரிவு. முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா மூணு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லேன்னா ரெண்டும். மறுபடி மாட்டினா அபராதம் 4,000. 2019-க்கு முன்னால இது ஆயிரம் ரூபாயாத்தான் இருந்துது. ஓட்டினவருக்கு மட்டும் இல்லீங்க, "எடுத்துட்டுப் போ"ன்னு சாவியைக் கொடுத்தவருக்கும் இதே பிரிவுதான்.

இது வரைக்கும் எல்லாருக்கும் அரைகுறையாவது தெரியும். தெரியாதது இதுக்கு அப்புறம் வர்றது.

எங்க ஊருக்குத் தெற்கால ஒரு சொந்தக்காரர். ரெண்டே முக்கால் ஏக்கர் பூமி, நாலு மாடு. ஏழெட்டு வருஷம் முன்னால ஒரு நாள் பொழுது சாயற நேரம், எக்ஸல்ல பால் கேனை மாட்டிக்கிட்டு சொசைட்டிக்குப் போனாரு. கொத்து வேலை முடிச்சு சைக்கிள்ல வந்த ஒருத்தர் மேல மோதிட்டாரு. நாலாவது நாள் அந்த மனுசன் பெரியாஸ்பத்திரியில இறந்துட்டாரு. வயசு 38. சம்சாரம், ரெண்டு குழந்தைங்க. நம்மாளு வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிஞ்சு ஏழு மாசம் ஆகியிருந்துது.

போலீஸ் கேஸ் ஒரு பக்கம். அந்தம்மா நஷ்டஈடு கேட்டுப் போட்ட கேஸ் இன்னொரு பக்கம். அது விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துல நடந்துது. அங்க எப்படிக் கணக்குப் போடறாங்கன்னு அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

இறந்தவரோட வருமானம் மாசம் 9,000-ன்னு எடுத்துக்கிட்டாங்க. 40 வயசுக்குள்ள சொந்தக் கையால சம்பாதிக்கறவர்ங்கறதால, வருங்கால வருமானத்துக்குன்னு 40 சதவீதம் சேர்த்தாங்க. 12,600 ஆச்சு. அவரோட சொந்தச் செலவுக்குன்னு மூணுல ஒரு பங்கைக் கழிச்சாங்க. மீதி 8,400. வருஷத்துக்கு 1,00,800. அந்த வயசுக்கு 15-ஆல பெருக்கணும். 15,12,000 ரூபாய். காரியச் செலவு, குடும்பத்துக்கான இழப்புன்னு இன்னும் கொஞ்சம் சேர்ந்து 16 லட்சத்தைத் தாண்டிருச்சு. வட்டி தனி. ஒரு கொத்தனாரோட இன்னைக்கு வருமானத்தை வெச்சு நீங்களே போட்டுப் பாருங்க.

இன்சூரன்ஸ் இருந்திருந்தா அந்தப் பணத்தைக் கம்பெனி கட்டியிருக்கும். இல்லாததால மொத்தமும் இவர் தலையில விழுந்துது. "எங்கிட்ட இல்லை"ன்னு சொன்னா விட்டுடுவாங்கன்னு இவர் நினைச்சாரு. விடலை. அதே சட்டத்துல 174-வது பிரிவு இருக்கு. தீர்ப்பாயம் கலெக்டருக்குச் சான்று அனுப்பினா, நிலவரி பாக்கியை வசூல் பண்ற மாதிரியே இந்தப் பணத்தையும் வசூல் பண்ணலாம். நிலவரி பாக்கின்னா என்னன்னு விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஜப்திதான்.

நோட்டீஸ் வந்துது. ரோட்டோரம் இருந்த ஒரு ஏக்கரைக் கிடைச்ச விலைக்கு வித்தாரு. மாடு போச்சு, பொண்டாட்டி நகை போச்சு. இன்னைக்கு மீதிக் காட்டுல சோளம் வெதைச்சுட்டு மில்லு வேலைக்குப் போறாரு.

இப்போ மறுபக்கத்தைப் பாருங்க. 2022-ல அரசு அறிவிச்ச கட்டணப்படி, 75 சிசிக்கு மேல 150 சிசி வரைக்கும் உள்ள ரெண்டு சக்கர வண்டிக்குத் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் வருஷத்துக்கு 714 ரூபாய். ஜிஎஸ்டி சேர்த்தா 850-க்குள்ள. ஒரு மூட்டை கலப்புத் தீவன விலைகூட இல்லை.

"கம்பெனிக்காரன் பணத்தை வாங்கிக்குவான், குடுக்க மாட்டான்"னு டீக்கடையில சொல்றோம். பயிர்க் காப்பீட்டுல பட்ட கோபத்தை இதுல காட்டறோம். ரெண்டும் வேற வேறங்க. தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் நமக்காகப் போடறது இல்லை. நம்ம வண்டியால அடிபடறவனுக்காகப் போடறது. அதனாலதான் அதைக் கட்டாயமா வெச்சிருக்காங்க. ஓட்டினவருக்கு லைசென்ஸ் இல்லேன்னாக்கூடப் பல கேஸ்ல கம்பெனியை முதல்ல கட்டச் சொல்லி, அப்புறம் வண்டிக்காரங்கிட்ட வசூல் பண்ணிக்கோன்னு கோர்ட்டு சொல்லியிருக்கு. இன்சூரன்ஸே இல்லேன்னா அந்த வழியும் அடைஞ்சு போச்சு.

வேணும்னே யாரும் இன்சூரன்ஸ் போடாம விடறதில்லை. எங்க கோட்டை விடறோம்னு யோசிச்சுப் பார்த்தேன். மூணு இடம்.

ஒண்ணு, புது வண்டி. 2018 செப்டம்பர்ல இருந்து புதுசா வாங்கற ரெண்டு சக்கர வண்டிக்கு அஞ்சு வருஷம், காருக்கு மூணு வருஷம், தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மொத்தமாப் போட்டுத்தான் தர்றாங்க. நம்ம கோயமுத்தூர் எலும்பு டாக்டர் ராஜசேகரன் போட்ட பொதுநல வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்ன உத்தரவு அது. நல்ல உத்தரவுதான். ஆனா அஞ்சு வருஷம் ஒரு காகிதத்தையும் பார்க்காம ஓட்டிப் பழகிடறோம். ஆறாவது வருஷம் நினைப்பே வர்றதில்லை.

ரெண்டு, வித்த வண்டி. சந்தையில எட்டாயிரத்துக்குக் கை மாத்தி விட்டுட்டு, ஆர்.சி. புக்குல பேரை மாத்தாம வந்துடறோம். பதிவுல யார் பேர் இருக்கோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர்னு 2018-ல உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லிடுச்சு. வாங்கினவன் இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டி யார் மேலயாவது மோதினா, நோட்டீஸ் நம்ம வீட்டுக்குத்தான் வரும்.

மூணு, டிராக்டர். களையெடுக்க ஆளுங்களை டிரெய்லர்ல ஏத்திக்கிட்டுப் போறோம். விவசாய வேலைக்குன்னு எடுத்த பாலிசி டிரெய்லர்ல உட்கார்ந்து வர்றவங்களுக்குப் பொதுவாச் செல்லாது. காகிதம் இருந்தும் இல்லாத மாதிரிதான். கவுந்துச்சுன்னா பத்துக் குடும்பத்துக்கு நாம பதில் சொல்லணும்.

ஊருக்கு உபதேசம் பண்ற நான் யோக்கியனான்னு கேட்டா, இல்லீங்க. அந்தச் சொந்தக்காரர் பூமி கிரயம் ஆன அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து எங்க வண்டிப் பேப்பரை எடுத்துப் பார்த்தேன். முடிஞ்சு பதினோரு மாசம் ஆகியிருந்துது. அதுக்குள்ள எத்தனை தடவை ஸ்கூல் விடற நேரத்துல அந்த ரோட்டுல போயிருப்பேன்! அடுத்த நாள் விடிஞ்சதும் முதல் வேலையா அதைத்தான் கட்டினேன்.

இன்னொண்ணும் சொல்லணும். எல்லாரும் பூமி போனவருக்காக 'உச்' கொட்டினோம். அந்தக் கொத்தனார் சம்சாரத்துக்கு என்ன ஆச்சுன்னு யாரும் கேட்கலை. கம்பெனி கட்ட வேண்டிய கேஸா இருந்திருந்தா தீர்ப்பு வந்ததும் பணம் வந்திருக்கும். இவர்கிட்ட இல்லாததால, தீர்ப்பு வந்தும் ரெண்டு வருஷம் அந்தம்மா தாலுகா ஆபீசுக்கும் வக்கீல் வீட்டுக்கும் நடந்துச்சு. மூத்த பையன் படிப்பை விட்டுட்டு சித்தாள் வேலைக்குப் போயிட்டான். இவரோட ஒரு ஏக்கராவது பணமாச்சு. அந்தப் பையன் படிப்பை யார் திருப்பிக் குடுக்கறது?

அரசாங்கத்தையும் ஒண்ணு கேட்கலாம். பாலத்துக்கிட்ட நின்னு பிடிக்கறது சரிதான். அதோட, பால் சொசைட்டியிலயும் கூட்டுறவு வங்கியிலயும் வருஷத்துக்கு ஒரு நாள் உட்கார்ந்து இன்சூரன்ஸ் போட்டுக் குடுத்தா, பால் பணத்துல பிடிச்சுக்கிட்டாக்கூட ஜனங்க போட்டுக்குவாங்க. ஆனா அது வர்ற வரைக்கும் நாம காத்திருக்க வேண்டியதில்லை.

எங்க வீட்டுல மாட்டுக்குச் சினை ஊசி போட்ட தேதியைக் காலண்டர்ல எழுதி வெப்போம். இப்போ வண்டி இன்சூரன்ஸ் முடியற தேதியையும் அதுலயே எழுதறோம். இதைப் படிச்சு முடிச்சதும் வண்டிப் பெட்டியைத் திறந்து அந்தக் காகிதத்துல தேதியைப் பாருங்க. முடிஞ்சிருந்தா, நாளைக்குக் காலையில பால் ஊத்தப் போறதுக்கு முன்னால கட்டிட்டு அப்புறம் வண்டியை எடுங்க.