ஜப்பானிய மொழிக்கு ஆங்கிலம்தான் வாசலா?

அயல்மொழி படிக்கப் போகும் தமிழருக்குத் தவறாமல் கிடைக்கும் அறிவுரை, ‘தமிழில் யோசிக்காதே’ என்பது. ஆங்கிலம் நன்றாக வந்தால் மற்ற மொழிகள் தாமாக வந்துவிடும், தாய்மொழி குறுக்கே நிற்கும் என்ற நம்பிக்கையே இதன் அடித்தளம். பிரெஞ்சைப் பொறுத்தவரை இதில் பாதி உண்மை உண்டு. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் கலந்தன. அந்த ஒரு மொழியில் கிடைத்த அனுபவத்தை எல்லா மொழிகளுக்கும் விதியாக்கியதில்தான் கோளாறு. ஜப்பானியத்துக்கு வரும்போது அது அப்பட்டமாகத் தெரிகிறது.

ஜப்பானியம் மிகக் கடினமான மொழி என்பதற்குச் சான்றாக அமெரிக்க வெளியுறவுத் துறைப் பயிற்சி நிறுவனத்தின் பட்டியலைக் காட்டுவார்கள். அதில் ஜப்பானியத்துக்கு 2200 வகுப்பு மணி நேரம். ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அதிகாரிகளுக்காகப் போட்ட கணக்கு அது. அதே பட்டியலில் தமிழுக்கும் 1100 மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். சேலத்து மாணவரின் சிரமத்தை இந்தக் கணக்கை வைத்துச் சொல்வதில் பொருளே இல்லை.

வாக்கிய அமைப்பில் ஜப்பானியம் தமிழுக்கு மிக நெருக்கமானது. இரண்டிலும் வினை கடைசியில் வரும். உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். ‘நேற்று வாங்கிய புத்தகம்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் அதே வரிசையில் ‘கினோ கத்த ஹொன்’ என்பார்கள். ஆங்கிலம் வழியே போகிறவர் இதைத் தலைகீழாகப் புரட்டித்தான் கற்க வேண்டும். பாடநூல்கள் பக்கம் பக்கமாக விளக்கும் ‘தெ வடிவம்’ பெரும்பாலும் நம் வினையெச்சம் செய்யும் வேலையையே செய்கிறது. தபெதெ என்றால் ‘சாப்பிட்டு’, மிரு என்றால் ‘பார்’; ‘தபெதெ மிரு’ அச்சு அசலாகச் ‘சாப்பிட்டுப் பார்’தான். ‘கைதெ ஒகு’ என்பது ‘எழுதி வை’. ஒகு என்ற சொல்லுக்கும் ‘வை’ என்றே பொருள். ‘வருகிறேன் என்று சொன்னான்’ என்பது ‘குரு தொ இத்த’. ‘என்று’ நிற்கும் இடத்தில் ‘தொ’ நிற்கிறது. கொரெ, சொரெ, அரெ, தொரெ என்ற நான்கும் இது, உது, அது, எது. கேட்பவர் பக்கம் இருப்பதை ‘உது’ என்று இன்றும் சுட்டும் யாழ்ப்பாணத்தாருக்கு இந்தப் பாடமே வேண்டியதில்லை.

ஒலியிலும் லாபம் உண்டு. ஒஜிசன் மாமா, ஒஜீசன் தாத்தா. கிதெ ‘வந்து’, கித்தெ தபால்தலை. குறில் நெடிலும் ஒற்று இரட்டிப்பும் பொருளை மாற்றும் என்பது தமிழ்க் காதுக்குப் புதிதல்ல.

இந்த ஒற்றுமையை வைத்து இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று சொல்லத் தேவையில்லை. ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ அப்படி வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. கற்பவருக்கு வேண்டியது அமைப்பு ஒற்றுமை. குலம் கோத்திரம் அல்ல.

தாய்மொழியின் குறுக்கீடு பற்றிய கோட்பாட்டைப் பரப்பியவர்களுள் முக்கியமானவரான ராபர்ட் லாடோ, 1957இல் எழுதிய நூலிலேயே, ஒத்த கூறுகள் எளிதாக வரும், வேறுபட்டவையே இடறும் என்றார். முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டதன் விளைவுதான் ‘தமிழில் யோசிக்காதே’. 1998இல் வில்லியம்ஸ், ஹம்மார்பெரி இருவரும் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. ஸ்வீடிஷ் கற்ற, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் புதுச் சொற்களை உருவாக்க முயன்றபோது, தாய்மொழியைவிட, இடையில் கற்ற ஜெர்மனையே அதிகம் நாடினார். இங்கே அந்த இடைமொழியின் இடத்தில் ஆங்கிலம் இருக்கிறது. ஜப்பானியம் கற்கும் நம்மவர் வாக்கியந்தோறும் ‘வதஷி’ என்று ‘நான்’ போடும் பழக்கத்தைத் தமிழின் தலையில் கட்ட முடியாது. ‘நாளைக்கு வருகிறேன்’ என்று ‘நான்’ இல்லாமலே பேசும் மொழி இது.

தமிழ் இடறவைக்கும் இடங்களும் உண்டு. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் உள்ள சொற்கள் முதல் ஒலியின் வல்லோசையிலும் மெல்லோசையிலும் மட்டுமே வேறுபடும். தமிழில் இரண்டையும் ‘கின்’ என்றே எழுத முடியும். ‘வ’, ‘க’ என்ற இரு இடைச்சொற்களின் வேறுபாட்டுக்குத் தமிழில் நேர் இணை இல்லை. பொதுப் பயன்பாட்டுக்கென ஜப்பானிய அரசு 2010இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் உள்ள 2136 கான்ஜி (சீன வழி வந்த) எழுத்துகளை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும். அதில் முன்னறிவு உதவுவது சீனம் படித்தவருக்கு. ஆங்கிலம் தெரிந்தவரும் தமிழ் மட்டும் தெரிந்தவரும் அங்கே ஒரே வரிசையில்தான் உட்கார வேண்டும்.