உரிமம் யாரைக் காப்பாற்றியது?

அவசரத்துக்குக் காரில் எந்தத் துப்பாக்கியை வைப்பது? அமெரிக்காவில் இது அன்றாடச் சந்தைக் கேள்வி. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு தோழர்களே: ஓட்டுநர் இருக்கையில் இருப்பவர் யார்?

2016 ஜூலை 6, மினசோட்டா. பிலாண்டோ காஸ்டிலின் காரை போலீஸ் நிறுத்துகிறது. 32 வயதுக் கறுப்பின இளைஞர். பள்ளி உணவுக்கூட ஊழியர். துப்பாக்கிக்கு முறையான உரிமம் உண்டு. தன்னிடம் அது இருப்பதை மரியாதையாகவே சொல்கிறார். சில நொடிகளில் ஏழு முறை சுடுகிறார் அதிகாரி. காதலியும் அவரது நான்கு வயது மகளும் அதே காரில். 2017இல் அந்த அதிகாரி விடுதலை!

இது புதிதல்ல. கருஞ்சிறுத்தைகள் துப்பாக்கி ஏந்தி போலீசைக் கண்காணித்தபோது, 1967இல் கலிபோர்னியாவில் அவசரமாகத் தடைச் சட்டம் வந்தது. கையெழுத்திட்டவர் ஆளுநர் ரீகன். அன்று மட்டும் 'ஆயுத உரிமை' எங்கே போனது?

இங்கும் வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995 தேவைப்பட்டால் தலித்துகளுக்கு ஆயுத உரிமம் வழங்கச் சொல்கின்றன. செருப்புப் போட்டு நடந்தாலே அடிக்கும் ஊரில், அந்தக் காகிதம் மட்டும் காப்பாற்றுமா?

எந்தத் துப்பாக்கி நல்லது என்று கடைக்காரர் சொல்வார். அதை வைத்திருந்தும் உயிரோடு வீடு திரும்பும் உரிமை யாருக்கு? அதை நாம்தான் கேட்க வேண்டும்.