திருத்தவேண்டியது எந்த ஆங்கிலத்தை?

பம்பலப்பிட்டி காலி வீதியோர அலுவலகங்களிலிருந்து லண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் சென்னைக்கும் நாள்தோறும் மின்னஞ்சல்கள் போகின்றன. எழுதுபவர்களில் பலர் யாழ்ப்பாணத்திலும் ஹட்டனிலும் மட்டக்களப்பிலும் தமிழ் மொழிமூலம் படித்துவிட்டு வேலைக்கு வந்த இளைஞர்கள். அவர்களின் ஆங்கிலத்தில் பிழை என்று கோடிடப்படும் பல இடங்கள் பிழையே அல்ல. இந்தப் பிராந்தியத்தின் வழக்கு. வழக்கையும் குழப்பத்தையும் பிரித்தறியாத திருத்தம், திருத்தப்படுபவரின் பேனாவை முடக்கிவிடுகிறது.

‘டூ த நீட்ஃபுல்’ என்பதையே பாருங்கள். பிரித்தானிய எழுதுவினைஞர்கள் கொண்டுவந்த தொடர் இது. அவர்கள் நாட்டில் வழக்கொழிந்தது. நம் கச்சேரிக் கோவைகளில் தங்கிவிட்டது. ‘ஆவன செய்க’ என்று தமிழில் எழுதிப் பழகிய கைக்கு அது இயல்பாகவே வரும். இன்றைய லண்டன்காரருக்குப் பழமையாகத் தோன்றலாம். ஆனால் பொருள் எங்கும் தவறுவதில்லை.

‘ரிவர்ட்’ அப்படியல்ல. கொழும்பிலும் மும்பையிலும் சிங்கப்பூரிலும் அதற்குப் பதில் அனுப்புங்கள் என்று பொருள். லண்டனில் பழைய நிலைக்குத் திரும்புதல். மென்பொருள் பொறியியலாளருக்கோ செய்த மாற்றத்தை நீக்கிவிடுதல். ‘வெள்ளிக்குள் ரிவர்ட் பண்ணவும்’ என்ற ஒரு வரி, ஒரு வார வேலையை அழிக்கச் சொல்வதாக வாசிக்கப்படக்கூடும். ‘டவுட்’ இன்னும் நுட்பமானது. தமிழில் விளக்கம் கேட்பதும் சந்தேகம், நம்பாமல் இருப்பதும் சந்தேகம். ‘உங்கள் கணக்கில் ஒரு டவுட்’ என்று பணிவோடுதான் எழுதுகிறோம்; அமெரிக்கக் கணக்காளர் அதில் தன் நேர்மை மீதான ஐயத்தைக் காண்கிறார். இத்தகைய சொற்களைத் தயங்காமல் மாற்றவேண்டும்.

எண்களில் சிக்கல் அண்டை வீட்டிலேயே தொடங்குகிறது. சென்னை நிறுவனம் 12,50,000 என்று எழுதும்; கொழும்பு வங்கி 1,250,000 என்று எழுதும். 04/05 நமக்கு மே 4, அமெரிக்கருக்கு ஏப்ரல் 5. ஒரு கொடுப்பனவு ஏறக்குறைய ஒரு மாதம் தவற இது போதும்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரும் இதற்கு விலக்கல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஓர் ஆவணத்தை உடனே விவாதிக்க விரும்பிய பிரித்தானிய அதிகாரிகள் அதை ‘டேபிள்’ செய்யவேண்டும் என்றார்கள். அமெரிக்கர்களுக்கு அச்சொல்லின் பொருள் ஒத்திவைப்பது. இரு தரப்பும் நெடுநேரம் வாதாடிய பிறகே, தாங்கள் விரும்புவது ஒன்றுதான் என்று கண்டுகொண்டதாகச் சேர்ச்சில் எழுதியிருக்கிறார். அதற்காக எவரும் பிரித்தானியரை ஆங்கிலப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பவில்லை.

நம் பிள்ளைகளை அனுப்புகிறோம். சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கு வைத்த பெயர் ‘கடுவ’, அதாவது தெரியாதவரை வெட்டும் வாள். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கிய பின்னும் அந்த வாளின் கூர் மழுங்கவில்லை. இலங்கை ஆங்கிலத்துக்கென்று மைக்கேல் மெய்லர் தொகுத்த அகராதி 2007இல் வந்துவிட்டது. நம் வழக்குக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்பதற்கு அதுவே சான்று. அலுவலகப் பயிற்சியாளர்களின் மேசையில் அது இருக்கவேண்டும்.

நிறுவனங்கள் செய்யவேண்டியது பெரிய வேலையல்ல. மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதுவது, தொகையோடு நாணயத்தைக் குறிப்பது, யார் எதை எப்போது செய்யவேண்டும் என்று நேரடியாகச் சொல்வது, குழப்பும் பத்துப் பதினைந்து சொற்களைத் தவிர்ப்பது: ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அந்தப் பக்கம் லண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் போகவேண்டும். விளங்கிக்கொள்ளும் பொறுப்பு வாடிக்கையாளருக்கும் உண்டு. ‘டூ த நீட்ஃபுல்’ என்று எழுதியதற்காக ஆண்டு மதிப்பீட்டில் ஒருவருக்குப் புள்ளி குறைப்பதை முகாமையாளர்கள் இந்த ஆண்டே நிறுத்தவேண்டும்.